பங்க் முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது: பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துவரும் அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பதினான்கு வருடம் ஒரு பெட்ரோல் பங்க்கில் சூப்பர்வைசராக வேலை பார்த்தவன் நான். இப்போது மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பங்க்கின் பின்சுவர் தெரியும். நான் வேலை பார்த்த பங்க் அல்ல, வேறொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் தரைக்கடியில் பெட்ரோல் தொட்டி. அதிலிருந்து எழும்பி நிற்கிறது, தொட்டியின் ஆவியை வெளியே விடும் வென்ட் பைப். குடிவந்த மறுநாளே டேப் வைத்து அளந்தேன். பைப்பின் வாயிலிருந்து எங்கள் அடுப்புவரை ஒன்பது மீட்டர்.

மகள் இந்த வீட்டை வாங்கும்போது நான் ஊரில் இருந்தேன். "பங்க் பக்கத்திலேயே இருக்குப்பா, வண்டிக்குப் பெட்ரோல் போட அலைய வேண்டாம்" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. வாங்கியவர்கள் நாற்பது குடும்பம். ஒருவருக்கும் அது கேட்க வேண்டிய கேள்வியாகத் தெரியவில்லை. கட்டட அனுமதிக் கோப்பின் நகலை வாங்கி நான்கு முறை படித்துப் பார்த்தேன். சாலை அகலம் இருக்கிறது, பக்கவாட்டு இடைவெளி இருக்கிறது, மழைநீர்த் தொட்டி இருக்கிறது. பின்சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்ற கேள்வி எங்கேயும் இல்லை. அனுமதி தந்தது எந்த அலுவலகம் என்று சொல்லிக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கேள்வி இனிமேலாவது கேட்கப்பட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

பங்க்கில் லோடு இறங்குவதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

டேங்கர் லாரி வந்து நின்றதும் ஹோஸை மாட்டிவிட மாட்டோம். இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எர்த் ஒயரின் கிளிப்பை லாரி உடம்பில் நன்றாகக் கவ்வ வைப்போம். வழியெல்லாம் குலுங்கி வந்த பெட்ரோலில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். அது அடங்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அதற்குள் சீல் நம்பர் சரிபார்ப்பது, டென்சிட்டி பார்ப்பது, தொட்டிக்குள் டிப் ராடு விட்டு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளப்பது எல்லாம் நடக்கும். ராடின் நுனியில் ஒரு பசை தடவி இறக்குவோம். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மணல் வாளியும் தீயணைப்பான் சிலிண்டரும் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் வால்வைத் திறப்பது. இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

வால்வைத் திறந்த பிறகு நடப்பதுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. 12,000 லிட்டர் பெட்ரோல் தொட்டிக்குள் இறங்கினால், அதுவரை அந்த இடத்தில் இருந்த 12,000 லிட்டர் ஆவியும் காற்றும் எங்கேயாவது போயாக வேண்டும். பிடித்துத் திருப்பி அனுப்ப ஏற்பாடு இல்லாத பங்க்கில் அது வென்ட் பைப் வழியாக வெளியே வருகிறது. வெயில் ஏறிய நேரத்தில் லோடு இறங்கினால் பைப்பின் வாய்க்கு மேலே காற்று நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. வேலைக்கு வரும் புதுப் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்போம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூட பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை விடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கலந்திருந்தாலே பற்றும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாமல் தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி ஓடும். சாக்கடைக்குள் இறங்கும், குழிக்குள் தேங்கும், காற்றோட்டமில்லாத மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

வென்ட் பைப் தரையிலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான், சுற்றிலும் திறந்த வெளியாக இருந்தவரை. அந்த உயரத்தில் வெளியே வரும் ஆவி காற்றில் அலைந்து நீர்த்துப்போகும். இப்போது அந்தப் பைப்புக்குப் பக்கத்தில் எங்கள் அடுக்ககம் நிற்கிறது. கீழே ஸ்டில்ட் பார்க்கிங். அதற்கு மேல் முதல் மாடி. அதில் இடுப்பளவு சுவருக்கு மேல் ஜன்னல். கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ 4 மீட்டர் வரும். பைப்பின் வாயும் எங்கள் சமையலறை ஜன்னலும் ஒரே உயரம். அதற்கும் கீழே, கனமான ஆவி தானாக வந்து இறங்கக்கூடிய இடத்தில், நாற்பது வண்டியும் தண்ணீர் மோட்டாரும் ஈ.பி. பெட்டியும் ஜெனரேட்டரும்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. விடியற்காலை லாரி பின்னோக்கி வரும் 'பீப் பீப்' சத்தம் கேட்டால், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவாள். பால் பாதி காய்ந்தபடி இருக்கும். லாரி கிளம்பிப் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி பற்ற வைப்பாள். ஏழு வயதுப் பேரனுக்கும் இது பழகிவிட்டது. "பாட்டி, லோடு வந்துடுச்சு" என்று தூக்கக் கலக்கத்திலேயே சொல்கிறான். பிள்ளைக்கு இதுவா பழக வேண்டும்?

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் பங்க்குகளுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளி, பத்தோ அதற்கு மேலோ படுக்கை உள்ள மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் புதுப் பங்க் வரக்கூடாது. லோடு இறக்கும் வாய், பெட்ரோல் போடும் மெஷின், வென்ட் பைப் இந்த மூன்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து அளக்க வேண்டும். இடநெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாட்டோடு 30 மீட்டர்வரை வரலாம். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உயர் அழுத்த மின்கம்பி பங்க்குக்கு மேலே போகக்கூடாது. கவனமாக யோசித்து எழுதிய வழிகாட்டுதல். வரவேற்கிறேன்.

ஆனால் அது புதிதாக வரும் பங்க்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே வீடு இருக்கும் இடத்துக்குப் பங்க் வந்தால் 50 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஏற்கெனவே பங்க் இருக்கும் இடத்துக்கு வீடு வந்தால்? எங்கள் வீடு வந்திருக்கிறதே, ஒன்பது மீட்டரில். ஆவிக்கு யார் முதலில் வந்தார்கள் என்று தெரியுமா? நெருப்பு பத்திரப்பதிவுத் தேதியைப் பார்த்தா பரவும்? 30 மீட்டருக்குள் இருப்பது ஆபத்து என்று ஒரு முறை ஒப்புக்கொண்டுவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினாலும் ஆபத்துதான்.

வளரும் நகரத்தில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். பங்க் என்பது ஊருக்கு வெளியே, சாலையோரம், மனை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வருவது. எங்கள் பின்சுவர் பங்க் வந்தபோது மூன்று பக்கமும் பொட்டலாக இருந்ததாம். பின்னால் ஒரு குட்டை, அதில் எருமை குளிக்கும் என்று அங்கே பழைய ஆட்கள் சொல்கிறார்கள். பிறகு குட்டை மேடானது, மேடு மனையானது, மனை அடுக்ககமானது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று தெற்கே எந்தச் சாலையில் போனாலும் இதே கதைதான். பங்க் வீட்டைத் தேடி வரவில்லை. நகரம்தான் பங்க்கைத் தேடி வந்து அதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

நகரம் எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் எண்ணெய் நிறுவனத்துக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

2023 டிசம்பர் 4-ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட நாள். வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் ஒரு கேஸ் பங்க்கை ஒட்டிக் கட்டடம் எழுப்பச் சுமார் 50 அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். மழையில் மண் இளகி, பங்க்கின் ஒரு பகுதி சரிந்து அந்தப் பள்ளத்துக்குள் போனது. உள்ளே சிக்கியவர்களில் இரண்டு பேர் திரும்பவே இல்லை. பள்ளம் நிறையத் தண்ணீர். தீயணைப்புத் துறையும் தேசிய பேரிடர் மீட்புப் படையும் இரவு பகலாக இறைத்து, நான்கு நாள் கழித்துத்தான் உடல்களை எடுக்க முடிந்தது. சாலையோரம் கைகட்டி நின்ற கூட்டத்தில் நானும் ஒரு நாள் நின்றேன். அந்தக் குடும்பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அன்றைக்கு நெருப்புப் பிடிக்கவில்லை. ஆட்டோவுக்கும் காருக்கும் கேஸ் நிரப்பும் பங்க் அது. மண் சரிந்தபோது தொட்டியோ குழாயோ கிழிந்திருந்தால் வேளச்சேரியின் அந்த முனையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று பங்க்கில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான். பங்க்குக்குப் பக்கத்தில் அவ்வளவு ஆழம் தோண்டினால், இந்தப் பக்கத்து மண்ணைத் தாங்குவது எது என்று தோண்டுவதற்கு முன்பே ஒருவர் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் பெருநகரத்தில் நில மதிப்பு ஏறிய சாலைகளில், பங்க்கை ஒட்டி இரண்டடுக்கு அடித்தளப் பார்க்கிங்குக்குப் பள்ளம் தோண்டுவதைப் பார்க்கிறேன். ஐப்பசி கார்த்திகையிலும் தோண்டுகிறார்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் பங்க்கின் ஆபத்து நெருப்பில் தொடங்குவதைவிடத் தண்ணீரில் தொடங்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

கானா நாட்டின் தலைநகர் ஆக்ரா. அதுவும் சென்னையைப் போல வேகமாக வீங்கிய கடலோர நகரம்தான். 2015 ஜூன் 3-ஆம் தேதி இரவு அங்கே பேய்மழை. குவாமே இன்க்ரூமா வட்டம் என்ற நெரிசலான சந்திப்பை ஒட்டிய ஒரு பங்க்கின் கூரைக்கடியில் நனையாமல் ஒதுங்கினார்கள் ஜனங்கள். தண்ணீர் ஏறியது. எரிபொருள் கசிந்து வெள்ளத்தின்மேல் மிதந்து பரவியது. எங்கிருந்தோ ஒரு பொறி. 150 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நெருப்பிலும் வெள்ளத்திலும் சிக்கிச் செத்தவர்கள் அவர்கள்.

மழைக்குப் பங்க்கில் ஒதுங்காத சென்னைக்காரர் யார் இருக்கிறார்? பெரிய கூரை, வெளிச்சம், மேடான தரை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்பது அறுபது வண்டிகள் மெஷினைச் சுற்றி நிற்கும். நானே டீ வாங்கிக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறேன். எண்ணெய் தண்ணீரில் மிதந்து போகும் தூரத்தையும் நாம் பார்த்துவிட்டோம். அதே மிக்ஜாம் மழையில் மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய அளவுக்குக் கறுப்புக் கோடு. மீனவர்கள் குவளையாலும் துணியாலும் அள்ளினார்கள்.

பங்க்கின் தொட்டி தரைக்கடியில்தானே பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நிலத்தடி நீர் மேலேறும்போது காலியாக இருக்கும் தொட்டி மூடிய குடத்தைப் போல மேலே எழும்பப் பார்க்கும். அதனால்தான் அடியில் கான்கிரீட் போட்டுக் கட்டி வைக்கிறார்கள். பழைய பங்க்கில் அந்தக் கட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று தோண்டாமல் தெரியாது. மழைக்காலத்தில் தொட்டியைக் காலி விடக்கூடாது என்று எங்கள் பழைய மேனேஜர் ஒற்றைக்காலில் நிற்பார். முன்னே சாலை இருந்த மட்டத்துக்குப் பங்க்கின் தரையைப் போட்டார்கள். சாலையை மேலே மேலே தார் போட்டு உயர்த்திவிட்டார்கள். பக்கத்து அடுக்ககங்கள் மண்ணடித்து மேடாக்கிக்கொண்டன. இப்போது பங்க்தான் குழி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் வழியில்லாமல் அங்கே வந்து நிற்கிறது. இதில் பங்க்காரர் செய்த தப்பு என்ன?

கூரையும் பலகையும் தனிக் கதை. 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி மாலை மழையில் சைதாப்பேட்டையில் ஒரு பங்க்கின் மேற்கூரை அப்படியே சரிந்து ஓர் உயிர் போனது, பலருக்குக் காயம். 2024 மே 13-ஆம் தேதி மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை ஒன்று காற்றில் சாய்ந்து பங்க்கின்மேல் விழுந்தது. அங்கே அனுமதிக்கப்பட்ட அளவு 40 அடிக்கு 40 அடிதான். பதினேழு பேர் இறந்தார்கள். இரும்பை வெட்டி ஆட்களை எடுக்கலாம் என்றால், அடியில் எரிபொருள் இருந்ததால் கட்டரை நினைத்தபடி இயக்க முடியவில்லை. நாள் கணக்கில் இழுத்தது மீட்புப் பணி. விபத்து என்பது விழுந்த நொடியோடு முடிவதில்லை, பங்க்கில் விழுந்தால் காப்பாற்றுவதற்கும் தயங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலகை நின்ற நிலம் யாருடையது, அனுமதி தந்தது ரயில்வே போலீஸா மாநகராட்சியா என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

நம்மிடமும் அதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன். எத்தனை அலுவலகங்கள் இருக்கின்றன பாருங்கள். 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டம், 2002-ஆம் வருடத்து விதிகள். அதன்படி பங்க்குக்கு உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதற்கு முன் தடையின்மைச் சான்று தருவது கமிஷனரேட் உள்ள ஊரில் போலீஸ் கமிஷனரகம், மற்ற இடத்தில் மாவட்ட ஆட்சியர். தீயணைப்புத் துறை தனி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனி. இவர்கள் எல்லோரும் பார்ப்பது பங்க்கின் சுற்றுச்சுவருக்கு உள்ளே. அடுக்ககத்துக்கு அனுமதி தருகிறவர்கள் பார்ப்பது அடுக்ககத்தின் சுற்றுச்சுவருக்கு உள்ளே. அந்த இரண்டு சுவரும் ஒன்றாக இருக்கும் இடத்தை யாருமே பார்ப்பதில்லை. தடையின்மைச் சான்று தந்த நாளில் சுற்றிலும் பொட்டல் என்று கோப்பில் இருக்கும். அது அந்த நாளுக்கு உண்மை. இருபது வருடம் கழித்தும் அதே கோப்புதான் பேசிக்கொண்டிருக்கிறது.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் சார்பில் மூன்று அலுவலகத்துக்கு மனு எழுதினோம். மூன்றிலும் மரியாதையாகவே பேசினார்கள். மூன்று பேருமே "இது எங்களிடம் வராது" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களிடம் வராது. யாரிடமும் வராத இடம் அது.

தீபாவளி ராத்திரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் வேலை பார்த்த காலத்தில் அன்றைக்குச் சாயங்காலமே விற்பனையை நிறுத்துவோம். தொட்டி மூடிகளின்மேல் நனைத்த சாக்கைப் பரப்பி, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பையன்கள் முறை போட்டு நிற்பார்கள். வானத்தைப் பார்த்தபடியே ராத்திரி போகும். அப்போது சுற்றிலும் வீடு குறைவு, ஏதோ ஒன்றிரண்டு ராக்கெட் வரும். இப்போது எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் மட்டும் நாற்பது வீட்டுப் பிள்ளைகள். போன வருடம் ஒரு ராக்கெட் சாய்ந்து போய்ப் பங்க்கின் கூரைமேல் விழுந்து சுழன்றது. அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. கீழே ஒரு பையன் சாக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். அதை அணைக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றேன், வாய் வரவில்லை. மறுநாள் காலையில் இனிப்பு எடுத்துப் போய் அவனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பையன்களுக்காகவும் ஒரு வார்த்தை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும் பொருள். லோடு இறங்கும்போது வென்ட் பைப் வழியாகவும், வண்டிக்குப் போடும்போது நாசிலைச் சுற்றியும் வரும் ஆவியைப் பன்னிரண்டு மணி நேரம் மூச்சில் இழுப்பவர்கள் அவர்கள். ஆவியைப் பிடித்துத் தொட்டிக்கே திருப்பும் கருவி இருக்கிறது. பெரிய நகரங்களில் அதிகம் விற்கும் புதுப் பங்க்குகளுக்கு அதே 2020 வழிகாட்டுதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நெருக்கமான வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய பங்க்குக்கு அது இன்னும் முதலில் வந்திருக்க வேண்டும். விற்பனை அளவை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் எத்தனை ஜன்னல் இருக்கிறது என்பதையும் பார்த்து வரிசை போட்டால் என்ன?

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

2008-இல் வெளியான இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த இருபது வருடத்துக்கான வரைபடம் உங்கள் மேசையில் இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் அரசு முடிவெடுத்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அரக்கோணம்வரை போகிறது எல்லை. அந்தச் சாலைகளில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நெல் வயலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே தன்னந்தனியாகப் பங்க்குகள் நிற்கின்றன. மூன்று பக்கமும் பொட்டல். எங்கள் பின்சுவர் பங்க் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. எங்களுக்கு நடந்தது நடந்துவிட்டது. அங்கே இன்னும் நடக்கவில்லை.

அதனால் முதல் வேண்டுகோள், ஒவ்வொரு பங்க்கையும் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குறித்து, அதைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் போட்டுவிடுங்கள். உரிமம் தரும் அமைப்பிடம் முகவரி எல்லாம் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். அந்த வட்டத்துக்குள் வீடோ பள்ளியோ மருத்துவமனையோ கட்ட மனு வந்தால், புதுப் பங்க்குக்கு இருக்கும் அதே தூரம் அந்தக் கட்டடத்துக்கும் பொருந்தட்டும். நிலத்துக்காரர் நஷ்டப்பட வேண்டியதில்லை. கிடங்கு, வாகன நிறுத்தம், நர்சரித் தோட்டம் என்று ஆள் தூங்காத பயன்பாட்டுக்கு அனுமதி கொடுக்கலாம். பெரிய மனையாக இருந்தால், கட்டடத்தைத் தள்ளி வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகக் காட்டச் சொல்லலாம். எப்படியும் ஒதுக்க வேண்டிய இடம்தானே அது. பிள்ளைகள் விளையாடும் இடமாக மட்டும் அதைக் காட்டவிடாதீர்கள்.

பங்க்கை ஒட்டிய மனையில் அடித்தளம் தோண்டுவதற்கு, எண்ணெய் நிறுவனத்துக்கும் உரிமம் தந்த அமைப்புக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று திட்ட அனுமதியிலேயே நிபந்தனை போடுங்கள். மண்ணைத் தாங்கும் சுவரை எழுப்பிய பிறகுதான் ஆழம் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை அந்த வேலையே வேண்டாம். வேளச்சேரியில் போன இரண்டு உயிருக்காக இதையாவது செய்ய வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட எங்களைப் போன்ற இடங்களுக்கு, பங்க்கை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அங்கே வேலை செய்யும் பையன்களின் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில். எல்லாப் பங்க்கையும் ஊருக்கு வெளியே தள்ளினால் ஜனங்கள் பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் வாங்கி வீட்டில் வைக்கத் தொடங்குவார்கள். அது இதைவிடக் கொடுமை. நான் கேட்பது சின்ன விஷயங்கள். வென்ட் பைப்பை ஜன்னல் இல்லாத பக்கத்துக்கு மாற்றலாம், உயர்த்தலாம். ஆவி திருப்பும் கருவியைப் பொருத்தலாம். பொதுச்சுவரை நெருப்புத் தாங்கும் சுவராக உயர்த்தலாம். பள்ளிக்கூட வேன்கள் வாசலில் வரிசையில் நிற்கும் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்கும், சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்துக்கும் லோடு இறக்கக்கூடாது என்று நேரம் வகுக்கலாம். பழைய பங்க்கின் அதே மனையில் புதிதாக சி.என்.ஜி. கேட்டு வந்தால், 200 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலான அழுத்தத்தில் அடைத்து வைக்கும் வாயு அது என்பதை நினைவில் வைத்து, பழைய கோப்பை நம்பாமல் நேரில் வந்து சுற்றுப்புறத்தை அளந்துவிட்டு முடிவு செய்யச் சொல்லலாம்.

இவற்றில் பாதி உங்கள் நேரடி அதிகாரத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நான்கைந்து அலுவலகத்தையும் ஒரு மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் இந்த நகரத்தில் உங்களைவிட்டால் யார்? முழுமைத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்கிறீர்கள். இது என் கருத்து. கையெழுத்துப் போட எங்கள் அடுக்ககத்தில் நாற்பது குடும்பம் இருக்கிறது. பங்க்கின் பையன்களும் போடுகிறேன் என்றார்கள்.

கோப்பில் படிப்பதைவிட நேரில் பார்ப்பது நல்லது. எங்கள் பின்சுவர் பங்க்குக்குச் செவ்வாயும் வெள்ளியும் பெரும்பாலும் விடியற்காலை ஐந்தரைக்குள் லோடு வருகிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். சமையலறையில் நிற்க இடம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தே வைக்கிறோம். டேப்பும் வைத்திருக்கிறேன். லாரி போன அரை மணி நேரம் கழித்து என் மனைவி காபி போட்டுத் தருவாள்.

இப்படிக்கு,
பங்க்கின் பின்சுவரை ஒட்டிய முதல் மாடியிலிருந்து,
ஒரு முன்னாள் சூப்பர்வைசர்